சர்வர் ரூமைப் பூட்டுவதற்கு முன்

கணக்குப் பிரிவின் கடைசி மேசைக்கு அடியில், உட்காருபவரின் கால் படும் இடத்தில், ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. மேலே ஒட்டியிருந்த தாளில் ‘அணைக்க வேண்டாம்’ என்று பேனாவால் எழுதியிருந்தது. அந்த நிறுவனத்தை கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியே வாடகைக்குக் கிடைக்கும் வேறொருவரின் சர்வர்களுக்கு, மாற்றும் வேலைக்காக மூன்று வாரம் உட்கார்ந்து நாங்கள் தயாரித்த பட்டியலில் 43 சர்வர்கள் இருந்தன. இது இல்லை.

அந்த மேசையில் இருந்தவரிடம் கேட்டேன். “நான் இந்த சீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே இது இங்கதான் சார் இருக்கு. காலாண்டு முடிஞ்சதும் அதுவா ஒரு ஃபைல் போடும். அதைத்தான் பேங்குக்கு அனுப்புறோம்” என்றார். திறந்து பார்த்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சின்ன நிரல். டேட்டாபேஸ் சர்வரின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண், இடம் மாறினால் அதுவும் மாறிவிடும்) அதற்குள் நேரடியாக எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. டேட்டாபேஸை நாங்கள் அப்படியே நகர்த்தியிருந்தால் அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வங்கிக்கு ஃபைல் போக வேண்டிய நாளில்தான் தெரிந்திருக்கும். அதற்குள் பழைய சர்வரை அழித்தும் இருப்போம்.

கிளவுடுக்கு மாறுவது என்று முடிவானதும் அமேசானா, மைக்ரோசாஃப்டா, கூகுளா என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அந்தக் கேள்விக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைக்கூட உள்ளே இருப்பதைக் கணக்கெடுக்க யாரும் கொடுப்பதில்லை. ஒரு நடுத்தர நிறுவனத்துக்கு வேண்டியது மூன்றிலுமே இருக்கிறது. அமேசான் இந்தச் சேவையைத் தொடங்கியது 2006-ல். அந்தப் பக்கம் நன்றாகவே பழகிவிட்டது. நம் சர்வர் ரூமில் என்ன ஓடுகிறது, அது எதனோடெல்லாம் பேசுகிறது, நின்றால் யாருடைய வேலை நிற்கும் என்பதுதான் பல இடங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. இது தெரியும் வரை மாறும் தேதியை அறிவிக்காதீர்கள் என்று ஒவ்வொரு நிர்வாகத்திடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

கணக்கெடுப்பை மூன்று பக்கத்திலிருந்தும் செய்ய வேண்டும். சொத்துப் பதிவேட்டில் இருப்பது ஒன்று. ஃபயர்வால் லாகும் (நெட்வொர்க் வாசல் காவலின் பதிவேடு) நெட்வொர்க் போக்குவரத்தும் காட்டுவது இன்னொன்று. ஒவ்வொரு பிரிவிலும் போய் உட்கார்ந்து, “மாசக் கடைசியில என்ன பண்ணுவீங்க, வருஷக் கடைசியில என்ன பண்ணுவீங்க” என்று கேட்டு வாங்குவது மூன்றாவது. மூன்றும் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. ஒத்துப்போகாத இடத்தில்தான் அந்த மேசையடி டெஸ்க்டாப் இருக்கும். போக்குவரத்தை 30 நாள் கவனித்தால் போதும் என்று வெண்டர்கள் சொல்வார்கள். காலாண்டு வேலை அந்த 30 நாளில் வராமலே போகலாம். குறைந்தது ஒரு காலாண்டு முடிவாவது கவனிப்புக்குள் விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆளின் பெயர் இருக்கட்டும். ‘ஐடி பிரிவு’ என்று எழுதினால் அது யாருடையதும் இல்லை என்று பொருள்.

பட்டியல் கைக்கு வந்தபின் முதலில் தேட வேண்டியது மூடிவிடக்கூடியவற்றை. யாரும் லாகின் செய்யாத ரிப்போர்ட் சர்வர், முடிந்துபோன ப்ராஜெக்டின் டெஸ்ட் சர்வர், பாதுகாப்புக்காக வைத்து மறந்துபோன நகல் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு போவது வீண் செலவு. சில இங்கேயே இருக்க வேண்டியவை. சர்வரின் பின்பக்கம் யுஎஸ்பி டாங்கிள் (மென்பொருளின் உரிமச் சாவி) செருகினால்தான் ஓடும் மென்பொருளை கிளவுடில் எதில் செருகுவீர்கள்? இயந்திரங்களோடு நேரடியாகப் பேசும் கணினியும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பதே நல்லது. ‘நூறு சதவீதம் கிளவுட்’ என்ற இலக்கை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மீதியில் சிலவற்றை அப்படியே தூக்கி வைக்கலாம், சிலவற்றைக் கொஞ்சம் மாற்றி வைக்கலாம், மெயில் போன்றவற்றுக்கு மாதச் சந்தா சேவையே போதும்.

ஒரு கேள்வி டேட்டாபேஸுக்குப் போய் பதில் திரும்ப ஆகும் தாமதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து அதிகம் பேரை அழவைத்தது இதுதான். பழைய அப்ளிகேஷன்கள் பல, ஒரு திரையைக் காட்டுவதற்கு டேட்டாபேஸிடம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கேள்விகளைக் கேட்கும். ஒரே அறையில் இரண்டும் இருக்கும்போது ஒரு கேள்வி போய்வர அரை மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 கேள்விக்கு 0.3 நொடி. யாருக்கும் உறுத்தாது. டேட்டாபேஸை மட்டும் கிளவுடுக்கு அனுப்பிவிட்டு அப்ளிகேஷனை இங்கேயே வைத்தால், ஒரு கேள்வி போய்வர 30 மில்லி செகண்ட் ஆகலாம். அதே திரை திறக்க இப்போது 18 நொடி. இன்டர்நெட் வேகத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. குழாயின் அகலத்தைக் கூட்டினாலும் தூரம் அப்படியேதான் இருக்கும். ஒரு நிறுவனத்தில் இதே காரணத்தால் பில் போடும் கவுன்ட்டரில் ஆட்கள் வரிசையாக நிற்க, நாங்கள் லைனை இருமடங்காக்கிப் பார்த்தோம், ஒரு நொடிகூடக் குறையவில்லை. அன்று மாலையே டேட்டாபேஸைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஒன்றோடொன்று அதிகம் பேசுபவை ஒரே நாளில், ஒன்றாகத்தான் போக வேண்டும். எது எதனோடு போக வேண்டும் என்பதையும் அந்தக் கணக்கெடுப்புதான் சொல்லும்.

டேட்டாவை நகர்த்தும் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 10 டெராபைட்டை, நொடிக்கு 100 மெகாபிட் லைனில், அந்த லைனை வேறு யாருமே தொடாமல் அனுப்பினாலும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு முழு நகலை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அன்றாட மாற்றங்களை மட்டும் தொடர்ந்து சேர்த்து வந்து, கடைசி இரவில் சில ஜிபி மட்டுமே மிச்சமிருக்குமாறு திட்டமிடுவதே வழி.

கடைசி இரவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியை நினைத்துக்கொள்வேன். 2018 ஏப்ரலில், ஒரே வார இறுதியில், தன் வாடிக்கையாளர்கள் எல்லோரையும் அது புதிய தளத்துக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை (பலர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்ற சோதனை) நடந்திருந்தது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. 2022 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கு மேல். அது கிளவுட் மாற்றம் அல்ல, ஆனால் தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தயார்நிலையை நழுவவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எங்கள் திட்டத்தில் திரும்பி வரும் நேரம் என்று ஒன்றை எழுதி வைப்போம். உதாரணமாக, ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குள் இன்னின்ன சோதனைகள் தேறாவிட்டால் பழைய சர்வருக்கே திரும்புவோம் என்று. அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பெயர் போட்டு எழுதுவோம், ஏனென்றால் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் ‘இன்னும் அரை மணி நேரம், சரியாகிவிடும்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். திங்கட்கிழமை புதிய சர்வரில் ஒரு பில் பதிவாகிவிட்டால் பழைய சர்வர் பழசாகிவிட்டது. அதன்பின் திரும்புவது வேறு வகை வேலை. முழு நகர்த்தலையும் நிஜத்துக்கு முன் இரண்டு முறையாவது ஒத்திகை பாருங்கள், திரும்பி வருவதையும் சேர்த்து.

சின்ன விஷயங்கள் சில. டிஎன்எஸ் (சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் விலாசப் புத்தகம்) பதிவின் ஆயுட்காலம் 86,400 நொடி என்றிருந்தால் முகவரி மாறியதைச் சிலர் ஒரு நாள் கழித்துத்தான் அறிவார்கள். சில நாள் முன்பே 300-க்குக் குறைத்துவிடுங்கள். கிளவுட் சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்தில் அல்ல, அதனால் இரவு வேலை பட்டப்பகலில் ஓடத் தொடங்கும். அப்ளிகேஷன் தானாக மெயில் அனுப்பும் வழக்கம் உண்டென்றால், மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டைப் பெரிய கிளவுட்கள் வெளிநோக்கி அடைத்தே வைத்திருப்பதை முன்பே தெரிந்து மாற்றுவழி செய்யுங்கள்.

“கிளவுடுக்குப் போயாச்சே, பேக்கப் எதுக்கு?” என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் என்ற கிளவுட் நிறுவனத்தின் ஒரு டேட்டா சென்டர் முழுவதும் தீயில் எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காதவர்கள் பலருடைய டேட்டா அதோடு போயிற்று. 2024 மே மாதம் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பரின் தனி கிளவுட் அமைப்பு ஒன்று ஒரு தவறான செட்டிங்கால் கூகுள் கிளவுடில் அழிந்தது. வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. கட்டடமும் மின்சாரமும் இயந்திரமும் கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் டேட்டா, அதை யார் தொடலாம் என்ற அனுமதி, அதன் நகல் எல்லாம் உங்கள் பொறுப்பு. நகலிலிருந்து ஒருமுறை முழுதாக மீட்டுப் பார்க்கும் வரை அதை பேக்கப் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

செலவு விஷயத்தில் ஒன்றே ஒன்று. சராசரியாக ஒரு மாதத்தில் 730 மணி நேரம். டெஸ்ட் சர்வரை ஒரு நாளைக்கு 10 மணி வீதம் 22 நாள்தான் தொடுகிறீர்கள் என்றால் 220 மணி நேரமே தேவை. இரவில் தானாக அணையும்படி முதல் நாளே வைத்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடப்பதில்லை.

சர்வர் ரூமைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் முதல் கூட்டத்திலேயே மனம்விட்டுப் பேசிவிட வேண்டும். தன் வேலை போகப்போகிறது என்று நினைப்பவர் மேசையடி டெஸ்க்டாப்பைப் பற்றி ஏன் வாய் திறக்கப் போகிறார்? புதிய அமைப்பில் அவருடைய இடம் எது என்று சொல்லி, பயிற்சிக்கு அனுப்பி, பிறகு கேளுங்கள். எந்தக் கருவியும் காட்டாதது அவர் சொல்லித்தான் வெளியே வரும்.

எல்லாம் மாறி முடிந்தபின் பழைய சாமான்களை எடைக்குப் போடும் நாள் வரும். டிஸ்க்குகளை முறைப்படி அழித்துச் சான்று வாங்குங்கள். ஆனால் அலமாரியில் பழைய பேக்கப் டேப்புகள் இருக்கும், அவற்றில் சட்டப்படி இன்னும் சில ஆண்டு வைத்திருக்க வேண்டிய கணக்குகள் இருக்கும். அவற்றைப் படிக்கும் டிரைவையும் மென்பொருளையும் அந்த லாரியில் ஏற்றிவிட்டால் டேப்புகள் வெறும் பிளாஸ்டிக்தான். ஒரு டிரைவை எடுத்து, ஒரு டேப்பைப் போட்டு, ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, அதன்பின் லாரியை அனுப்புங்கள்.