‘நிவாரணம்’ அல்ல, தடுப்புக் கொடை

நீலகிரியில் ‘பேரிடர் நிவாரண நன்கொடை’ என்ற தொடருக்கு எவரும் பொருள் கேட்க மாட்டார்கள். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும், கம்பளியும் அரிசியும் பணமும் இப்பெயரில்தான் திரட்டப்பட்டன. ஆனால், அணு ஆயுதப் போர், உலகெங்கும் பரவும் கொடிய கொள்ளைநோய், கட்டுமீறிய செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றால் மனிதகுலத்தின் பெரும்பகுதி அழிந்துபோகாதபடி தடுக்கும் பணிகளுக்குச் செல்வர்களும் அறக்கட்டளைகளும் தரும் பணத்துக்கும் இதே தொடரைத் தமிழாக்கமாக எழுதுவது இப்போது வழக்கமாகி வருகிறது. குன்னூரில் நடந்த நன்கொடையாளர் கூட்டம் ஒன்றின் அழைப்பிதழிலும் இத்தொடரே அச்சாகியிருந்தது. அதைப் படித்தவர்கள், எங்கே மண் சரிந்தது என்று விசாரித்தார்கள். அவர்கள் விசாரித்ததில் தவறே இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கான மூலத் தொடர் ‘குளோபல் கேட்டஸ்ட்ராஃபிக் ரிஸ்க்’ என்பது. கேட்டஸ்ட்ராஃபி என்பதன் கிரேக்க வேர், கீழாகப் புரட்டுதல் என்று பொருள்படும். நாடகத்தின் இறுதித் திருப்பத்தைக் குறித்து வந்த சொல் பின்னர்ப் பெருங்கேட்டுக்கு ஆயிற்று. கொடையைக் குறிக்கும் ஃபிலாந்த்ரபி என்பதற்கு வேர்ப்பொருள் மனிதர்பால் அன்பு. சொற்பிறப்பு இவ்வளவு போதும். சிக்கல் தமிழாக்கத்தில்தான் இருக்கிறது.

‘நிவாரணம்’ என்னும் சொல்லை ஆதரிப்போரிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. வடமொழியில் அச்சொல்லுக்கு விலக்குதல், தடுத்தல் என்பதே முதற்பொருள். எனவே வருமுன் தடுப்பதையும் அது குறிக்கலாம் என்பார்கள். வேரைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் சொல்லின் பொருளை வேர் மட்டும் தீர்மானிப்பதில்லை. தமிழில் அச்சொல் நெடுங்காலமாக வேறு வேலை செய்து வந்திருக்கிறது. வலி நிவாரணி வலி வந்தபின் விழுங்குவது. வறட்சி நிவாரணம் பயிர் கருகியபின் வருவது. முதலமைச்சரின் பொது நிவாரண நிதி, வெள்ளமோ புயலோ தாக்கியபின் தரப்படுவது. இழப்பு நேர்ந்துவிட்டது, அதன் வலியைச் சிறிது குறைக்கிறோம் என்னும் பொருளே இன்று அதன் உயிர். நாம் பேசும் கொடையோ இதற்கு நேர்மாறானது. அது வெற்றி பெற்றால் எதுவும் நிகழாது. காப்பாற்றப்பட்டவர் இன்னார் என்று எவரையும் சுட்டிக்காட்ட முடியாது. படம் எடுத்துப் போடவும் வழியில்லை. அணு ஆயுத ஆபத்தைக் குறைக்க 2001-இல் அமெரிக்க ஊடக அதிபர் டெட் டர்னரும் முன்னாள் செனட்டர் சாம் நன்னும் தொடங்கிய அமைப்பு இன்றுவரை செய்திருக்கும் பணிக்கு நிவாரணம் என்று பெயரிட்டால், எந்த ஊரில் குண்டு விழுந்தது என்று கேட்பவருக்கு நம்மிடம் விடை இராது.

இந்த வேறுபாட்டைக் காண நீலகிரியைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு அடித்தளமான பணம், ஆண்ட்ரூ கார்னகியின் தொழிற்கூட்டாளியாக இருந்த ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் தந்த கொடையின் ஒரு பகுதி. அதற்குமுன், வெறிநாய் கடித்தவர் தென்னாட்டிலிருந்து வடக்கே கசௌலி வரை சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. ஃபிப்ஸின் பணம் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் போகவில்லை. இனி எவரும் இறக்காமலிருக்க மருந்து செய்யும் இடமாக அது மாறியது. வெறிநாய்க்கடி மனிதகுலத்தையே அழிக்கும் நோயன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அளவில் இரண்டும் வேறு. கொடையின் இயல்பு மட்டும் ஒன்றே. அதை நிவாரணம் என்று அக்காலத்தவர் எவரேனும் எழுதியிருந்தால் இன்று நாம் சிரிப்போம்.

அடுத்தது ‘ரிஸ்க்’. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல் வந்தபின் ‘பேரிடர்’ என்பது நிகழ்ந்துவிட்ட அல்லது நிகழ்ந்துகொண்டிருக்கும் கேட்டுக்கு உரிய ஆட்சிச்சொல்லாக நிலைத்துவிட்டது. வங்கித் தமிழிலும் காப்பீட்டுத் தமிழிலுமோ ‘இடர்’ என்பது ரிஸ்க். இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தில் சந்திக்கும்போது ‘பேரிடர் இடர்’ என்னும் வேடிக்கை பிறக்கிறது. அப்படி அச்சானதையும் கண்டிருக்கிறேன். ‘அபாயம்’ வடசொல் என்பதற்காகவே ஒதுக்கப்படுகிறது. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கு, ‘அபாயம்’ என்ற பலகை எதைச் சொல்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. விபத்து நடந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. நடக்கக்கூடும், வேகத்தைக் குறை என்கிறது. ரிஸ்க் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள்நிலையை நான் எந்தத் தூய தமிழ்ச் சொல்லிலும் காணவில்லை. தூய்மைக்காகத் தெளிவைக் கைவிடுவது எனக்கு உடன்பாடன்று.

தனித்தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் ‘ஊழிக்காப்பு ஈகை’ என்னும் ஆக்கத்தையும் இங்கே எடைபோட வேண்டும். ஓசையில் அழகானது, இரண்டு இடங்களில் பொருளில் தவறுகிறது. ஊழி என்பது யுக முடிவு. ஊழ் என்னும் சொல்லோடு உறவுடையது. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கேட்ட மொழியில் ஊழி என்றதும், அது வந்தே தீரும், மனிதரால் ஆவதொன்றுமில்லை என்ற எண்ணமே மேலெழும். தடுக்க முடியாததைத் தடுக்க எவர் பணம் தருவார்? அணுப்போர் காலச் சுழற்சியால் வருவதன்று. மனிதர் செய்த ஆயுதத்தால், மனிதர் எடுக்கும் முடிவால் வருவது. விண்கல்கூட இன்று ஊழின் கையில் முழுமையாக இல்லை. 2022-இல் நாசா அனுப்பிய டார்ட் விண்கலம் ஒரு சிறுகோளின்மீது மோதி அதன் சுற்றுப்பாதையை மாற்றிக் காட்டியது. இனி ‘ஈகை’. ‘வறியார்க்கொன்று ஈவதே ஈகை’ என்று வள்ளுவர் எல்லை வகுத்துவிட்டார். ஈ என்பது தாழ்ந்தோன் இரக்கும்போது சொல்லும் சொல் என்பது தொல்காப்பிய மரபு. இக்கொடையில் இரப்பவரும் இல்லை, வறியவரும் இல்லை. பயன்பெறுவோர் இன்னும் பிறக்காதவர்கள், கொடுப்பவரின் பேரப்பிள்ளைகள் உட்பட. வள்ளுவரிடமே வேண்டுமானால் ஒப்புரவு என்ற சொல் இருக்கிறது. ஊருணி நிறைந்தது போன்ற செல்வம் என்று அவர் பேசுவது அந்த அதிகாரத்தில்தான். ஆயினும் இன்றைய வாசகருக்கு ஒப்புரவு என்றால் கிறித்தவ வழிபாட்டின் ஒப்புரவு அருட்சாதனம் நினைவுக்கு வருவதால், அச்சொல்லை நான் வற்புறுத்தவில்லை. ‘கொடை’ போதும்.

எனவே எனது பரிந்துரை ‘உலகப் பேரழிவுத் தடுப்புக் கொடை’. அபாயத்தைத் தனியே குறிக்கும்போது ‘உலகப் பேரழிவு அபாயம்’. ‘உலகளாவிய’ என்பதைத் தவிர்க்கிறேன். ‘உலகளாவிய பேரழிவு அபாயக் குறைப்பு நன்கொடை’ என்று பெயர்ச்சொற்களை அடுக்கிவைத்தால், உலகளாவியது அழிவா, நன்கொடையா என்பது தெரியாமல் வெளிநாட்டுப் பணம் என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். ‘வருமுன்காப்புக் கொடை’ என்பது எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம். ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை’ என்னும் குறளின் வலு அதற்கு உண்டு. ஆனால் 1999-இல் தமிழக அரசு தொடங்கிய வருமுன் காப்போம் திட்டத்தால் அத்தொடர் மருத்துவ முகாமோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நீண்ட கட்டுரைக்குள் விளக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். தலைப்பிலும் ரசீதிலும் வேண்டாம்.

இதே துறையில் இன்னொரு மொழிபெயர்ப்பு வேகமாகப் பரவுகிறது: மனிதகுலமே இல்லாமற்போகும் அபாயத்தை, ஆங்கிலத்தின் ‘எக்ஸிஸ்டென்ஷியல் ரிஸ்க்’ என்பதை, ‘இருத்தலியல் அபாயம்’ என்று எழுதுகிறார்கள். இருத்தலியல் என்பது சார்த்தரும் அவரையொத்தோரும் பேசிய தத்துவத்துக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர். அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் பெயர்த்துப்போட்டு நகரும் பழக்கத்தின் விளைவு இது. அணுகுண்டு விழுந்தால் தத்துவத்துக்குக் கேடு வரும் என்பதுபோல் ஒலிக்கிறது. ‘முற்றழிவு அபாயம்’ என்று எழுதினால் பள்ளி மாணவருக்கும் புரியும். பேரழிவு என்பது பெரும்பகுதி அழிந்தும் எஞ்சியோர் மீண்டெழக்கூடியது, முற்றழிவு என்பது எஞ்சுவோர் இல்லாதது என்ற வேறுபாடும் அதனால் காக்கப்படும். கொடையாளர்கள் இவ்விரண்டையும் வெவ்வேறாக எடைபோட்டே பணத்தைப் பகிர்வதால், மொழிபெயர்ப்பாளர் அவற்றை ஒன்றாக்கிவிட்டால் அறிக்கையின் கணக்கே புரியாமல் போகும்.