ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்

நிமோனியா வார்டில் இரவுப் பணி. ஒரு பெரியவரின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) 95 சதவீதம் காட்டியது. காய்ச்சலும் இல்லை. "நல்லா இருக்கேம்மா" என்றார். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கினார். நாடி பார்ப்பதுபோல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 32. உடனே மருத்துவரை அழைத்தேன்.

பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை இயல்பு. 30-ஐத் தொட்டால் அது தீவிர நிமோனியாவின் அடையாளங்களில் ஒன்று. நுரையீரல் தளரும்போது உடம்பு வேகமாக மூச்சுவிட்டு ஆக்சிஜன் அளவைத் தாங்கிப் பிடிக்கும். அதனால் கருவியில் எண் இறங்கும் முன்பே மூச்சு ஏறிவிடும். தசைகள் களைத்துப்போனால் நிலைமை சட்டென்று சரியும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே போதாது. ஒழுங்கில்லாத மூச்சு அந்தக் கணக்கில் தப்பிவிடும். 'எண்ணப் போகிறேன்' என்று சொல்லிவிட்டால் நோயாளியின் மூச்சே மாறிவிடும், ஆகவே சொல்லாமல் எண்ணுங்கள். விரல் சில்லென்றிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டலாம். கருத்த தோலில் சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும்.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் குழம்பினால், அதுவும் நிமோனியாவின் அடையாளமாக இருக்கலாம், 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள்.

வைரஸ் நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஆனால் ஃப்ளூ தணிந்து, இரண்டு நாள் தெம்பாக இருந்தபின் காய்ச்சல் திரும்பி சளி நிறம் மாறினால், பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருக்கலாம். அதை எங்களிடம் சொல்லுங்கள்.

கூட இருக்கும் உறவினர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது வாய்ச் சுத்தம். உடம்பு துடைப்பார்கள், துணி மாற்றுவார்கள், வாயை மறந்துவிடுவார்கள். பல்லிலும் நாக்கிலும் படியும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகின்றன. ஆக்சிஜன் மாஸ்க் போட்டவருக்கு வாய் காய்ந்து, நாக்கில் தடித்த படலமே கட்டிவிடும். தினம் இரண்டு வேளையாவது மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். பல் செட்டை இரவில் கழற்றிவிடுங்கள். விழுங்க முடியாதவருக்கும், நினைவு தெளிவில்லாதவருக்கும் நாங்கள் செய்கிறோம், கூப்பிடுங்கள்.

படுத்த நிலையில் ஒரு வாய்த் தண்ணீர்கூட ஊட்டக் கூடாது. நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள், சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். மற்ற நேரத்திலும், மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை, தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். மூச்சுத் திணறுகிறாரே என்று நீங்களாக ஆக்சிஜனைக் கூட்டிவிடாதீர்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள பலருக்கு ஆக்சிமீட்டரில் 88 முதல் 92 வரைதான் இலக்கு. அதற்கு மேல் போனால் ஆபத்தாகலாம்.

வீட்டுக்குப் போனபின் இருமலும் அசதியும் சில வாரம் நீடிக்கலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு சொல் பேசவே மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள்.