எறும்பு கடித்த மாதிரிதான் இருக்குமா?

பெரம்பூரில் உள்ள என் கிளினிக்குக்கு மாமியாரோடு ஒரு பெண் வந்தார். குழந்தைக்காக நான்கு வருடக் காத்திருப்பு. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க ஹெச்எஸ்ஜி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "முன்னாடி ஒரு தடவை போனேன் மேடம். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொன்னாங்க. பாதியில எழுந்து ஓடி வந்துட்டேன்" என்றார். வலித்தது ஒரு பக்கம். எறும்புக்கடி என்று நம்பிப் போனவருக்கு அவ்வளவு வலித்ததும், தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றிவிட்டது.

நானும் அந்த எறும்பைப் பலர்மீது ஏவியவள்தான். பயிற்சிக் காலத்தில் "கல்யாணமான பொண்ணு, இதுக்கெல்லாமா பயப்படுவ?" என்று அதட்டியதும் உண்டு. மூத்தவர்கள் அப்படிப் பேசினார்கள், நாங்களும் பேசினோம். அதட்டினால் தொடையும் இடுப்பும் இறுகும். இறுகினால் கருவி உள்ளே போவது இன்னும் வலிக்கும். இது புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அன்று அந்தப் பெண்ணை மேஜையில் ஏற்றவே இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியைக் கையில் கொடுத்தேன். வாத்தின் அலகு போலிருக்கும். திறந்து மூடிப் பார்த்தார், 'டக்' என்ற சத்தத்தையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் வரிசையாகச் சொன்னேன்: இதை வைக்கும்போது அழுத்தம் தெரியும். கருப்பை வாயைப் பிடிக்கும்போது சுருக்கென்று இருக்கும். மெல்லிய குழாய் வழியாகச் சாய மருந்து போகும்போதுதான் அடிவயிறு பிசையும், மாதவிடாய் வலி மாதிரி, சிலருக்கு அதைவிடக் கடுமையாக. பெரும்பாலும் ஓரிரு நிமிடம். அடைப்பு இருந்தால் கூடுதலாக வலிக்கலாம். கையைத் தூக்கினால் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

நாள் குறிப்பதும் முக்கியம். ரத்தப்போக்கு நின்ற பிறகு, பொதுவாக 6-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாளுக்குள் எடுப்போம். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம். அல்சர், ஆஸ்துமா, மருந்து அலர்ஜி எது இருந்தாலும் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்து தரப்போவதாகச் சொல்லியிருந்தால் தவிர, பட்டினியாக வராதீர்கள். கருப்பை வாயைத் தொடும்போது சிலருக்கு நாடித்துடிப்பு குறைந்து தலை சுற்றும். இரண்டு இட்லியாவது உள்ளே போயிருக்கட்டும். முடிந்ததும் கொஞ்சம் ரத்தக்கசிவு இருக்கும் என்பதால் ஒரு பேடு எடுத்து வாருங்கள். பின்னால் காய்ச்சலோ துர்நாற்றமோ வந்தால் தள்ளிப் போடாமல் வர வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனை இவ்வளவு பெரிய விஷயமில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். புடவையோ பாவாடையோ கட்டி வந்தால் முழுவதும் களைய வேண்டாம், தூக்கிக்கொண்டால் போதும். கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர்-டி போடுவதை மட்டும் நாங்கள் ரொம்பவே லேசாக எடுத்துக்கொள்கிறோம். அதைப் போடும் முன் வலியைக் குறைக்கும் வழிகளைப் பெண்ணிடம் பேச வேண்டும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2024-இல் தன் வழிகாட்டுதலில் சொன்னது. மரத்துப்போகச் செய்யும் மருந்து வேண்டும் என்று நீங்களே கேட்கலாம்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்ற பெண்களுக்காகவே 1885-இல் ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர் நம் சென்னை. கோஷா என்றால் பர்தா. திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

கூட யார் இருக்கலாம் என்பதை நோயாளியிடம் தனியாகத்தான் கேட்பேன். மாமியார் வேண்டாம் என்றால் பழியை நானே ஏற்றுக்கொள்வேன்: "ரூம் சின்னதும்மா, நீங்க வெளிய உட்காருங்க."

ஹெச்எஸ்ஜி அன்று அவர் ஒரு தடவை கையைத் தூக்கினார். நிறுத்தினேன். மூச்சு விட்டார், பத்து வரை எண்ணினார், "சரி, பண்ணுங்க" என்றார். எழுந்து உட்கார்ந்ததும், "எறும்பு இல்ல மேடம், தேளு" என்றார். வெளியே வந்தால் மாமியார் கதவருகே நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார். "ரூம் பெருசாத்தான இருக்கு டாக்டர்?"