சில்வர்பாயிண்ட்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

சில்வர்பாயிண்ட்னா பேர்லயே இருக்கு, முனை தேச்ச ஒரு வெள்ளிக் கம்பிய பிடியில சொருகி அதால வரையுறது. இத்தாலியன்ல புன்டா டார்ஜென்டோ, அதுக்கும் வெள்ளி முனைன்னுதான் அர்த்தம்.

வெறும் பேப்பர்ல இழுத்தா கோடு சரியா விழாது. எலும்புச் சாம்பலையும் பசையையும் கலந்து பூசி காய வெச்சு, அது மேல இழுத்தாதான் அந்த சொரசொரப்பு வெள்ளிய பொடிப்பொடியா தேச்சு பிடிச்சுக்கும், அந்தப் பொடிதான் கோடு. முதல்ல சாம்பல் நிறமா இருக்கும், போகப்போக காத்துல இருக்குற கந்தகம் பட்டு பழுப்பாகும், வெள்ளிக் கொலுசு கறுக்குதே அதேதான். எவ்ளோ அழுத்துனாலும் பெருசா கறுக்காது, பூச்சுதான் பேந்துடும், அதனால நிழல் வேணும்னா மெல்லிசான கோடுகள நெருக்கி நெருக்கி அடுக்கணும். கரி மாதிரி விரலால தேச்சு மாத்தவும் முடியாது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1484ல, 13 வயசுல, கண்ணாடி பாத்து தன்னையே சில்வர்பாயிண்ட்ல வரைஞ்ச படம் வியன்னால ஆல்பர்டினா மியூசியத்துல இருக்கு, அந்த நீட்டுன விரலையும் சட்டைக் கை மடிப்பையும் பாருங்க, லேசுல அழிக்க முடியாத ஒரு கருவியில ஒரு சின்னப் பையன் போட்ட கோடு அது, பிரமிப்பா இருக்கு!

சரி, தமிழ்ல? சார்கோலுக்கு கரிக்கோல் இருக்கு, பேனா மைல வரையுறத மைக்கோட்டோவியம்னு சொல்லிடலாம், அதுல குழப்பம் இல்ல. கலர் பூசாத கோட்டுப் படத்துக்கே நெடுநல்வாடைல "புனையா ஓவியம்"னு அழகான பேர் இருக்கு, கரி, மை, சில்வர்பாயிண்ட் மூணுமே அந்தக் குடும்பம்தான்.

சில்வர்பாயிண்ட்டுக்கு வெள்ளி எழுத்தாணின்னு வெக்கலாமேன்னு தோணும், பழந்தமிழ்ல எழுதுறதுன்னா வரையுறதும்தானே. ஆனா எழுத்தாணி ஓலைய கீறும், அந்தக் கீறல்ல அப்புறமா மை தடவுவாங்க, இங்க கீறலே கிடையாது, கருவியே தேஞ்சு கோடாகுது. அதனால கருவிக்கு வெள்ளிமுனை, படத்துக்கு வெள்ளிமுனை ஓவியம், இதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். இன்னொரு வசதி, எந்த உலோகக் கம்பியில வரைஞ்சாலும் பொதுவா சொல்ற மெட்டல்பாயிண்ட்டுக்கு உலோகமுனை, காரீயத்துல வரைஞ்சா ஈயமுனை, தங்கம்னா தங்கமுனைன்னு மத்ததும் தானா வந்துடும். தங்கமுனைக் கோடு வெள்ளி மாதிரி பழுப்பாகாது, போட்ட நிறத்துலயே நிக்கும்.