ஒளிவிலகலா, ஒளிமுறிவா?

காற்றில் வரும் ஒளி சாய்வாக நீருக்குள்ளோ கண்ணாடிக்குள்ளோ நுழையும்போது, அந்தப் பரப்பிலேயே திசை மாறுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ரிஃப்ராக்ஷன் என்று பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது ஒளிவிலகல், இலங்கைப் பாடநூல்களில் ஒளிமுறிவு.

ரிஃப்ராக்ஷனின் வேர் லத்தீன். அம்மொழியில் 'ஃபிராங்கெரே' என்றால் உடைத்தல், முறித்தல். எலும்பு முறிவைக் குறிக்கும் ஃபிராக்சரும், கணக்கில் வரும் பின்னத்தைக் குறிக்கும் ஃபிராக்ஷனும் இதே வேரில் கிளைத்தவைதான். இலங்கைத் தமிழ் அந்த வேர்ப்பொருளை அப்படியே எடுத்துக்கொண்டது. நாம் ஒளிவிலகல் எண் என்பது அங்கே முறிவுச் சுட்டி. எதிரொளிப்பு அங்கே தெறிப்பு. பட்டதும் பாய்ந்து திரும்பும் வேகம் அந்தச் சொல்லிலேயே இருப்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

விலகல் என்ற சொல் நேர்பாதையை விட்டு அகல்வதைச் சொல்கிறது. அதில் ஒரு சிக்கல் உண்டு. பரப்புக்குச் செங்குத்தாக வரையும் கற்பனைக் கோட்டுக்குச் செங்குத்துக்கோடு என்று பெயர். அடர்வு மிகுந்த ஊடகத்துக்குள், அதாவது ஒளி செல்லும் பொருளுக்குள், நுழையும் கதிர் 'செங்குத்துக்கோட்டை நோக்கி விலகும்' என்று படிக்கும் மாணவர், நோக்கிப் போவது எப்படி விலகுவதாகும் என்று குழம்புகிறார். கதிர் விலகுவது தன் பழைய பாதையை விட்டு. செங்குத்துக்கோட்டை அது நெருங்கத்தான் செய்கிறது. முறிவு என்றால் இந்தக் குழப்பமே வராது.

ஆனால் இரண்டு சொற்களும் விளைவைத்தான் சொல்கின்றன. காரணம் வேகம். வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் சுமார் 2,25,000 கிலோமீட்டரும் வைரத்தில் சுமார் 1,24,000 கிலோமீட்டரும்தான் செல்கிறது. வெற்றிட வேகத்தை ஊடகத்தின் வேகத்தால் வகுத்தால் வருவதே ஒளிவிலகல் எண்: நீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, வைரத்துக்கு 2.42. சாய்வாக வரும் அலைமுகப்பின், அதாவது ஒளி அலையின் முன்வரிசையின், ஒரு முனை முதலில் நீரைத் தொட்டு மெதுவாகிறது. மறுமுனை இன்னும் காற்றில் பழைய வேகத்திலேயே வருகிறது. அதனால் முகப்பு முழுவதும் திரும்பிவிடுகிறது. நேர்செங்குத்தாக விழும் ஒளிக்கும் வேகம் குறையும், திசை மட்டும் மாறாது. நீரில் ஒளி வேகமாகச் செல்லும் என்றுதான் ஒளி துகள்களால் ஆனது என்ற நியூட்டனின் கொள்கை சொன்னது. மெதுவாகத்தான் செல்கிறது என்பதை 1850இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ அளந்து காட்டினார்.

கதிர் வந்து விழும் கோணத்துக்கும் திரும்பிச் செல்லும் கோணத்துக்கும் இடையிலான விதி டச்சு அறிஞர் ஸ்னெல் பெயரால் வழங்குகிறது. அவர் அதைக் கண்டது 1621இல். ஆனால் 984ஆம் ஆண்டு வாக்கிலேயே பாக்தாத்தில் இப்ன் சாஹ்ல் அதை எழுதிவிட்டார். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

பலர் 'ஒளி வளைகிறது' என்று எழுதுகிறார்கள். ஒரே பரப்பைக் கடக்கும்போது கதிர் வளைவதில்லை. முன்னும் பின்னும் நேர்கோடுதான், நடுவில் ஒரு முறிவு. உண்மையில் வளைவது, காற்றின் அடர்த்தி படிப்படியாக மாறும் இடத்தில். சூடான தரைமேல் தோன்றும் கானல் நீர் அப்படிப்பட்டதுதான். பழந்தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்ற அழகான பெயர் உண்டு. மறையும் சூரியனிலும் இந்த வளைவைக் காணலாம். தொடுவானத்தருகே வளிமண்டலம் கதிரை அரை டிகிரிக்குச் சற்று மேல் திருப்புகிறது. சூரியனின் தோற்ற அகலமே அரை டிகிரிதான். ஆகவே அதன் அடிவிளிம்பு தொடுவானத்தைத் தொடுவதாக நாம் பார்க்கும்போது, சூரியன் ஏற்கெனவே கீழே போயிருக்கும்.

அப்புறம், இதனோடு தொடர்புடைய மற்றச் சொற்கள். ஒரு கண்ணாடிப் பரப்பில் ஒளி செங்குத்தாக விழுந்தால் சுமார் 4 சதவீதம் எதிரொளிக்கும், மீதி உள்ளே போகும். உள்ளே போனதில் ஒரு பகுதியைப் பொருள் எடுத்துக்கொண்டு பெரும்பாலும் வெப்பமாக்குவது உட்கவர்தல். நீர் சிவப்பை அதிகம் உட்கவர்வதால்தான் ஆழத்தில் நீலம் எஞ்சுகிறது. தடையின் ஓரத்தில் ஒளி பரவும் டிஃப்ராக்ஷன் வேறு; அது விளிம்பு விளைவு. அதை ஒளிவிலகலோடு கலக்கக் கூடாது.

முழு அக எதிரொளிப்பு என்று ஒன்றும் உண்டு. நீருக்குள்ளிருந்து காற்றை நோக்கி வரும் ஒளி, செங்குத்துக்கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் வெளியேறவே முடியாது, முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். வைரத்தில் அந்த எல்லை 24 டிகிரிதான். கண்ணாடி இழைக்குள் ஒளியாக அனுப்பும் செய்தி பல கிலோமீட்டர் கசியாமல் போவதும் இதனால்தான்.