கிருமி செத்த பிறகும் மிஞ்சும் நஞ்சு

யாழ்ப்பாணத்தில் வயதானவர்களுக்கு நீரிழிவும் அடிக்கடி வரும் சலக்கடுப்பும் பழகிப்போன விஷயங்கள். பார்லி அவித்துக் குடிக்கச் சொல்லிவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று விடுவோம். சிலருக்கு அந்த நாளைக்குள்ளேயே நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறும், கதை தடுமாறும், கைகால் குளிரும், சலம் போவது குறையும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் “கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது” என்பார்கள். இதுதான் செப்சிஸ். 2017இல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 இலட்சம் பேர் இதனால் இறந்ததாக ஒரு கணிப்பு சொல்கிறது.

சலக்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ. கோலை பற்றீரியா. அதன் வெளிச்சுவரிலேயே நஞ்சு இருக்கிறது. 1892இல் ரிச்சர்ட் பைஃபர், கொலரா கிருமி செத்த பிறகும் அதன் உடலில் நஞ்சு மிஞ்சுவதைக் கண்டு, அதற்கு எண்டோடொக்சின் என்று பெயர் வைத்தார். அன்ரிபயோட்டிக் பட்டுக் கிருமி உடையும்போதும் இந்த நஞ்சு இரத்தத்தில் கலக்கும். அதற்காக அன்ரிபயோட்டிக்கைத் தள்ளிப்போடவே கூடாது. இரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு முதல் மணித்தியாலத்துக்குள் அது ஏற வேண்டும்.

நஞ்சின் கொடிய பகுதிக்கு லிப்பிட் ஏ என்று பெயர். அது நேரடியாக நம்மைக் கொல்வதில்லை. நமது வெண்குருதிக் கலங்களை அளவுக்கு மீறிக் கிளப்பிவிடுகிறது. எந்த வழியாக என்று 1998இல்தான் தெளிவானது. எண்டோடொக்சினுக்கு அசையாத ஒரு வகை எலியில் டி.எல்.ஆர். 4 என்ற புரதத்தின் மரபணு பழுதாகியிருப்பதை புரூஸ் பொய்ட்லரின் குழு கண்டது. 2011இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். டி.எல்.ஆர். 4உடன் எம்.டி. 2 என்ற சிறு புரதம் ஒட்டியிருக்கிறது. அதன் நடுவில் ஆழமான ஒரு பள்ளம். ஈ. கோலையின் லிப்பிட் ஏக்கு ஆறு கொழுப்பு வால்கள். ஐந்து வால்கள் பள்ளத்துக்குள் இறங்கிவிடும், ஆறாவதற்கு இடம் போதாது. வெளியே நீட்டி நிற்கும் அந்த ஒற்றை வால் பக்கத்து டி.எல்.ஆர். 4ஐப் பிடித்து இழுக்கிறது. இரண்டும் சோடி சேர்ந்ததும் கலத்துக்குள் அபாய அறிவிப்புப் போய்விடும்.

சரி, நீட்டி நிற்க வாலே இல்லாத ஒன்றை அந்தப் பள்ளத்தில் வைத்தால்? எரிடொரான் மருந்து அப்படி உருவானதுதான். அதற்கு நான்கே வால்கள். நான்கும் உள்ளே இறங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும், சோடி சேராது. நல்ல சுகத்தோடிருந்த தன்னார்வலர்களுக்குச் சிறிதளவு எண்டோடொக்சின் ஏற்றிச் சோதித்தபோது, இது காய்ச்சலையே வரவிடாமல் தடுத்தது. எனக்கு இது மிக அழகான மருந்து.

ஆனால் ஏறக்குறைய 2,000 செப்சிஸ் நோயாளிகளிடம் சோதித்தபோது, 28 நாட்களுக்குள் இறந்தோர் மருந்து பெற்றவர்களில் 28.1 வீதம், பெறாதவர்களில் 26.9 வீதம். பயன் இல்லை. அதற்கு முன்பே எண்டோடொக்சினைக் குறிவைத்த எச்.ஏ. 1ஏ என்ற பிறபொருளெதிரி ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்து, 1993இல் திரும்பப் பெறப்பட்டிருந்தது.

முதற் காரணம் நேரம் என்றே நினைக்கிறேன். தன்னார்வலர்களுக்கு மருந்து சரியான நேரத்தில் கிடைத்தது. நோயாளி வார்ட்டுக்கு வரும்போது வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டது, பிறகு அணை கட்டி என்ன? அப்புறம் 2013இல் இன்னொன்றும் வெளியானது. கலத்துக்குள் நுழைந்துவிட்ட எண்டோடொக்சினை கஸ்பேஸ் என்ற நொதியங்கள் தாமே உணர்கின்றன; டி.எல்.ஆர். 4ஐ அடைத்தாலும் அந்த வழி திறந்தே கிடக்கும்.

கிருமியும் ஒன்றல்ல. 2024 டிசெம்பரில் மழைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. அந்தக் கிருமியின் எண்டோடொக்சினை மனிதரின் டி.எல்.ஆர். 4 அடையாளம் காண்பதே இல்லை. அந்த நோயாளிகளுக்கு எரிடொரான் கொடுத்திருந்தாலும் அது அடைப்பது வேறு வாசலைத்தான்.

அப்படியானால் இரத்தத்தில் எண்டோடொக்சின் எவ்வளவு என்று அளந்துவிட்டு மருத்துவம் செய்தால்? நஞ்சை இழுத்துப் பிடிக்கும் பொலிமிக்சின் பி பூசிய நார்களினூடாக இரத்தத்தை ஓடவிடும் முறை ஜப்பானில் 1994இலிருந்து இருக்கிறது. அளந்து தெரிந்தெடுத்த 450 பேரிடம் அதைச் சோதித்த முடிவு 2018இல் வந்தது. மொத்தத்தில் உயிரிழப்புக் குறையவில்லை. ஆனால் நஞ்சு எல்லை மீறியவர்களை விலக்கிவிட்டுப் பார்த்தபோது மற்றவர்களிடம் பயனின் சாயல் தெரிந்தது. அடுத்த சோதனையை அந்த நடு அளவினரை மட்டும் சேர்த்து நடத்தத் திட்டமிட்டார்கள்.