சொல் விளக்கம்: தரிசு

தரிசு: பயிரிடாமல் கிடக்கும் நிலம். மலையாளத்திலும் இதே பொருளில் வழங்குகிறது. 'பாழ்' இதைவிடக் கடுமையான சொல். கன்னட 'ஹாளு' அதற்கு உறவு. விட்டுப்போன வயலை, அதில் முளைத்ததும் தெரியும்படி தமிழில் எப்படிச் சொல்வது என்பதே இங்கே கேள்வி.

ஆங்கில 'ஃபாலோ' (fallow) என்பதைத் தரிசு என்றே மொழிபெயர்க்கிறோம். அது பழைய ஆங்கிலத்தில் உழுதுபோட்ட நிலத்தைக் குறித்தது. உழுதபின் விதைக்காமல் ஆறப்போட்ட நிலம் என்ற பொருள் பின்னால் வந்தது. நம் தரிசுக்கு உழவுக் கணக்கு கிடையாது. ஒரு போகம் விட்டதும் தரிசுதான், கடைமடைக்குத் தண்ணீர் வராமல் பல ஆண்டுகள் ஏர் காணாததும் தரிசுதான். புள்ளிவிவரத்தில் இந்த ஆண்டு மட்டும் விட்டது 'நடப்புத் தரிசு', ஐந்து ஆண்டு வரை விட்டது 'இதர தரிசு', அதற்கும் மேல் போனால் 'பயிரிடத்தக்க தரிசு'. வருவாய்த்துறைக்குத் தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசு, ஏற்படாத தரிசு என்ற பிரிவும் உண்டு. காலமும் வரியும் பதிவாகின்றன. அந்த நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது என்பது பதிவாவதில்லை.

மண்ணுக்கோ அதுதான் முதன்மையான செய்தி. வேர் கசியவிடும் சர்க்கரையை நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் உண்கின்றன. அவற்றை நூற்புழுக்களும், கடுகிலும் சிறிய உண்ணிகளும், வயிற்றடிக் கவையால் எம்பிக் குதிக்கும் சிற்றுயிர்களும் மேய்கின்றன. இவற்றைப் பூரானும் வண்டுகளும் வேட்டையாடுகின்றன. பாடநூல்கள் இதை 'உணவு வலை' என்கின்றன. மேலே உதிரும் சருகுதான் இதற்கு முழுத் தீனி என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். கரிமத்தின் தடத்தைப் பின்தொடர்ந்த ஆய்வுகள், வேர் வழியாக வருவதும் பெரும்பங்கு என்று காட்டின.

ஆகவே செடி மாறினால் பந்தியும் மாறும். சேற்றுழவு நடக்கும் நெல்வயலில் பூஞ்சை இழைகள் அறுபடுகின்றன, தேங்கிய நீரில் காற்றும் குறைவு. பாக்டீரியாக்களின் கை ஓங்குகிறது. வயலை விட்டபின் கொழுஞ்சி படர்ந்தால், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த அதன் இலை விரைவில் மட்கும். மண்புழுவுக்கும் பாக்டீரியா தின்னும் நூற்புழுவுக்கும் அது நல்ல காலம். கோரையும் அருகும் மண்டினால் சருகு மெல்ல மட்கும். பூஞ்சையும் அதைத் தின்பவையும் கூடும், காய்ந்த புல்லைக் கரையான் இழுத்துப் போகும். சீமைக் கருவேலமும் தழைச்சத்தைச் சேர்க்கும் மரம்தான், ஆனால் தன் நிழலில் மற்றச் செடிகளை ஒடுக்கிவிடுகிறது. பலவகை வேர்கள் ஊட்டிய இடத்தில் ஒரே சருகு மிஞ்சுகிறது.

காலமும் பொருட்டே. நெதர்லாந்தில் கைவிடப்பட்ட வயல்களைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு, ஆண்டுகள் கூடக்கூட மண்ணுயிர்களுக்கிடையிலான பிணைப்பு இறுகுவதையும், செடிகள் தரும் கரிமத்தைப் பூஞ்சைகள் கூடுதலாக ஏற்பதையும் கண்டது. அது குளிர்நாட்டு மண். நம் களிமண் கோடையில் பாளம்பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளே இங்கே பல உயிர்களுக்குப் புகலிடம்.

சரி, இப்படி விட்டுப்போன வயலைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கைவிடப்பட்ட வேளாண் நிலம்' பிழையில்லை. ஆனால் விட்டுப்போன மனிதரைத்தான் அது பேசுகிறது. டெல்டா உழவர் பேச்சிலேயே வேறு வழி இருக்கிறது: நெல் தரிசு. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளிப்பார்கள். எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது விளையும். 'நெல் தரிசு உளுந்து' என்ற பெயரில் செடியும் நிலமும் சேர்ந்தே நிற்கின்றன. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று செடியாலும் மரத்தாலும் நிலத்துக்குப் பெயரிட்ட மொழிக்கு இது இயல்பு. நிலக்கொடைச் செப்பேடுகளும் 'உடும்போடி ஆமை தவழ்ந்தது' என்று, கொடுத்த நிலத்தில் ஊர்வதையும் கணக்கில் வைத்தன.

அதே அச்சில் கொழுஞ்சித் தரிசு, கோரைத் தரிசு, கருவேலத் தரிசு என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. ஆண்டுக்கணக்கு தேவைப்பட்டால் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: 'வேதாரண்யம் பக்கம் எட்டாண்டுக் கோரைத் தரிசு.'